கொட்டகைத் தூசுக்கு எது சரி: என்95-ஆ, அரைமுக ரப்பர் மாஸ்க்கா, மோட்டார் முகமூடியா?

கோழிக் கொட்டகையிலும் பன்றிக் கொட்டிலிலும் நாள் முழுக்க வேலை பார்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இருமல் விடவே மாட்டேன் என்கிறது, எந்த மாஸ்க் வாங்கலாம்?” நியாயமான கேள்வி. ஆனால் மாஸ்க்கிலிருந்து தொடங்கினால் பொருந்தாத ஒன்றை வாங்கி, ஒரே மாதத்தில் ஆணியில் மாட்டிவிட்டுப் பழையபடி வெறும் மூக்கோடு உள்ளே போவதில்தான் முடியும். உள்ளே போவது தூசா, வாயுவா, இரண்டுமா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு எதை வாங்குவது என்ற முடிவு பாதி தானாகவே வந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

காற்றில் என்ன இருக்கிறது? கொட்டகைத் தூசு வெறும் மண் அல்ல. உலர்ந்த எச்சம், தீவன மாவு, இறகுத் துணுக்கு, தோல் பொடி, பூஞ்சை வித்து, செத்த பாக்டீரியாக்களின் சுவர்த் துண்டு என எல்லாம் கலந்தது. அந்தச் சுவர்த் துண்டில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சுதான் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குவதில் முன்னால் நிற்பது. தரையில் பரப்பிய கூளத்தைக் கிளறிச் சுத்தம் செய்த நாளில், 4 முதல் 12 மணி நேரம் கழித்து, குளிர், காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சு இறுக்கம் வந்து ஓரிரு நாளில் தானே விட்டுப்போனால், அது பெரும்பாலும் சளிக்காய்ச்சல் அல்ல. நுரையீரல் அளவுக்கு மீறித் தூசு வாங்கியதன் விளைவு.

தூசோடு சேர்ந்து வருவது அம்மோனியா. ஈரமான கூளத்தில் எச்சம் சிதையும்போது உண்டாவது. இதில் மூக்கை நம்ப முடியாது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். பழகிவிட்டது என்பதற்காக வாயு குறைந்துவிட்டது என்று பொருளில்லை. கண் எரிகிறது என்றால் ஏற்கெனவே அதிகம். அமெரிக்காவின் தொழில் நலத்துக்கான நியோஷ் அமைப்பு ஒரு வேலை நாளுக்கான சராசரியாக 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) அம்மோனியாவை வரம்பாக வைத்திருக்கிறது. பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களை நெடுங்காலம் ஆராய்ந்த அயோவா பல்கலைக்கழகத்தின் கெல்லி டோனம் குழுவினரோ, தூசும் சேர்ந்திருக்கும் கொட்டிலில் 7 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்றார்கள். தூசு கன மீட்டருக்கு 2.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் அவர்கள் பரிந்துரைதான். தூசும் அம்மோனியாவும் சேரும்போது கேடு கூடும் என்பதால் இந்தக் கடுமை.

எத்தனை மணி நேரம்? நாளுக்கு அரை மணி நேரம் முட்டை பொறுக்குபவருக்கும், எட்டு மணி நேரம் கொட்டகைக்குள்ளேயே இருப்பவருக்கும் ஒரே பொருள் பொருந்தாது.

முகத்தில் ஒட்டுமா? தாடி, பெரிய தழும்பு, கண்ணாடி, ஒடுங்கிய கன்னம் எல்லாம் கணக்கில் வரும். வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், காற்று எளிதான வழியில்தான் போகும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும்.

உடம்பு தாங்குமா? இறுக்கமான மாஸ்க்கில் ஒவ்வொரு மூச்சையும் வடிகட்டி வழியே நெஞ்சு இழுக்க வேண்டும். ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, இதய நோய் உள்ளவர்களுக்கு இது சுமை. வாங்கும் முன் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

கழுவ முடியுமா? இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு கொட்டகையில் நோய் வந்தால், மாஸ்க்கும் அதன் பட்டையும் அடுத்த கொட்டகைக்கு அதைச் சுமந்துபோகும். கிருமிநாசினியில் துடைக்க முடியாத எந்தப் பொருளும் கால்நடைப் பண்ணையில் அரைப் பொருள்தான்.

## ஒரு சின்னக் கணக்கு

எந்த மூச்சுக் கவசத்துக்கும் ஒரு பாதுகாப்பு மடங்கு உண்டு. 10 மடங்கு என்றால், சரியாகப் பொருத்தினால் வெளியே இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அமெரிக்கக் கணக்கில் என்95-க்கும் அரைமுக ரப்பர் மாஸ்க்குக்கும் 10, தளர்வான தலைமூடியோடு வரும் மோட்டார் வகைக்கு 25, முழுமுக ரப்பர் மாஸ்க்குக்கு 50.

எண்டோடாக்சினுக்கு, நெதர்லாந்தின் சுகாதாரக் கவுன்சில் 2010-இல் கன மீட்டருக்கு 90 அலகு என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. கோழிக் கொட்டகையில் சில ஆயிரம் அலகுகள் இருப்பது சாதாரணம். 5000 என்று வைத்துக்கொள்வோம். 10 மடங்கு மாஸ்க்கின் உள்ளே 500 வரும். 25 மடங்கு முகமூடியின் உள்ளே 200. இரண்டுமே 90-க்கு மேல். இதே கொட்டகையில் தூசை முதலில் பாதியாகக் குறைத்துவிட்டால், அதே முகமூடிக்குள் 100-ஆக இறங்கிவிடுகிறது. ஆகவே ‘மாஸ்க்கா, தூசைக் குறைப்பதா’ என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும் பேச்சுக்கே இடமில்லை. முதலில் தூசு, பிறகு மாஸ்க்.

## முதல் வழி: தூசைக் கிளம்பவிடாமல் செய்வது

மாஸ்க் போட்டவரை மட்டும் காக்கிறது. இது கொட்டகைக்குள் வரும் எல்லோரையும், கால்நடைகளையும் சேர்த்துக் காக்கும். எதுவும் புதிதாக வாங்காமல் செய்யக்கூடியவையே நிறைய இருக்கின்றன.

தீவனத்திலிருந்து தொடங்குங்கள். தீவனக் குழாயிலிருந்து மாவு உயரத்திலிருந்து தொட்டியில் விழும் இடம்தான் பன்றிக் கொட்டிலில் பெரிய தூசு ஊற்று. குழாயின் வாயில் ஒரு நீட்டிப்பு மாட்டித் தொட்டிக்குள் இறக்கி, தொட்டிக்கு மூடி போட்டால் வித்தியாசம் அன்றே கண்ணுக்குத் தெரியும். தீவனத்தில் 1 சதவீதம் எண்ணெயோ கொழுப்போ சேர்த்தாலும் மாவு பறப்பது குறையும். கலவையின் ஊட்டக் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆழ்கூளத்தில் ஈரம்தான் எல்லாம். 20 முதல் 25 சதவீதம் வரை இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் தூசு. மேலே போனால் அம்மோனியா, கோழிகளின் பாதத்தில் புண். கருவி வேண்டாம், கையே போதும். கூளத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறந்து பாருங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் அதிகம். பிடித்த மாதிரியே இல்லாமல் விரலிடுக்கில் கொட்டிவிட்டால் காய்ந்துவிட்டது. கொஞ்சம் சேர்ந்து நின்று மெல்ல உதிர்ந்தால் சரி. தண்ணீர்க் குழாயின் அடியில் ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, சுவரோரம் ஒரு பிடி என்று எடுக்க வேண்டும். நடுவில் காய்ந்து, குழாயடியில் சொதசொதவென்று இருக்கும் கொட்டகையில் தூசும் அம்மோனியாவும் ஒன்றாகவே இருக்கும். அங்கே முதல் வேலை, ஒழுகும் நிப்பிளை மாற்றுவதுதான்.

பன்றிக் கொட்டிலில் தாவர எண்ணெயை நாளுக்கு ஒருமுறை தரையில் மெலிதாகத் தெளிக்கும் முறை தூசைப் பாதிக்கு மேல் குறைத்திருக்கிறது. ஆனால் இதற்கு மறைவான விலை உண்டு. தரை வழுக்கும். மின்விசிறி இறக்கையில் பிசின்போலப் படியும். இன்னொன்றும் உண்டு: என்95-இல் உள்ள ‘என்’ என்ற எழுத்துக்கு, எண்ணெய்த் துளி உள்ள காற்றுக்கு ஆகாது என்று பொருள். எண்ணெய் தெளிக்கும்போது ‘பி’ வகை வடிகட்டி வேண்டும்.

காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும், கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வதும் கீழே இருந்த தூசை மூக்கு உயரத்துக்குக் கொண்டுவருகிற வேலை. நனைத்துவிட்டுப் பெருக்குங்கள். கிளறுவது, பிடிப்பது போன்ற வேலைகளுக்கு முன்பே விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். குளிர்காலத்தில் வெப்பம் போகக் கூடாது என்று காற்றோட்டத்தைக் குறைப்பார்கள். தூசும் வாயுவும் ஆண்டின் உச்சத்தைத் தொடுவது அப்போதுதான். மாஸ்க் விஷயத்தில் கண்டிப்பு அதிகம் வேண்டியதும் அந்த மாதங்களில்தான்.

மாட்டுத் தொழுவத்தில் கவனம் போக வேண்டியது வைக்கோலிலும் உலர்புல்லிலும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கட்டு கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சையும் வெப்பம் விரும்பும் நுண்ணுயிரிகளும் வளரும். ‘விவசாயி நுரையீரல்’ என்று மருத்துவர்கள் சொல்லும் ஒவ்வாமை நோய்க்கு மூலம் இதுதான். வெள்ளைப் பொடி பறக்கும் கட்டை மாட்டுக்குப் போடாமல் ஒதுக்குவதே முதல் மருந்து.

## என்95 போன்ற ஒருமுறை மாஸ்க்

மிக நுண்ணிய துகள்களில் 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்று சோதிக்கப்பட்டது. ஐரோப்பிய முறையில் இதற்கு அருகில் வருவது எஃப்எஃப்பி2. அது 94 சதவீதம். துணி மாஸ்க்கும் அறுவை மாஸ்க்கும் இந்தப் பட்டியலிலேயே வராது. அவை முகத்தோடு ஒட்டுவதில்லை.

வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் போடும் விதம். இரண்டு பட்டைகளில் மேல் பட்டை உச்சந்தலையிலும், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியிலும் இருக்க வேண்டும். கீழ்ப் பட்டையைத் தொங்கவிட்டால் தாடையடியில் திறந்துவிடும். மூக்குத் தகடை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராக மடிந்து இரு பக்கமும் ஓட்டை விழும். இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து வெளியே அழுத்திக்கொண்டே போக வேண்டும். வேலை முடிந்து கழற்றியதும் உள்பக்கத்தைப் பாருங்கள். மூக்கோரத்தில் சாம்பல் நிறக் கோடு இருந்தால் அன்று முழுவதும் அந்த வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறீர்கள். கண்ணாடியில் ஆவி படிந்தாலும் பொருள் அதுவே.

தூசு மிகுந்த இடத்தில் ஒரு மாஸ்க்குக்கு 8 மணி நேரம்தான் உச்சம். வியர்வையில் நனைந்தாலோ மூச்சிழுக்கக் கஷ்டமானாலோ அதற்கு முன்பே மாற்ற வேண்டும். மறைவான செலவு இங்கேதான். ஒருவர் நாளுக்கு 2 வீதம் ஆண்டில் 300 நாள் போட்டால் 600 மாஸ்க். அந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் ‘நேற்றையதே போதும்’ என்ற பழக்கம் தொடங்கிவிடும். பாதுகாப்பு அத்தோடு போச்சு.

அம்மோனியாவை இது தடுக்காது. கரி அடுக்கு வைத்த வகை வாடையைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். வாடை தெரியவில்லை என்று கூடுதல் நேரம் உள்ளே நிற்கவைப்பதால் அதில் ஆபத்தும் உண்டு.

எப்போது இது சரி: நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலை, வந்துபோகும் ஆட்கள், கால்நடை மருத்துவர், ஓட்டுநர். நோய் வந்த கொட்டகையிலும் பயன்படும். போட்டதை அங்கேயே பைக்குள் போட்டுக் கட்டிவிடலாம். பறவைக் காய்ச்சல் ஐயம் இருந்தால் கூடவே கண்ணை மூடும் கண்ணாடியும் வேண்டும். அந்த வைரஸ் கண் வழியாகவும் தொற்றும்.

## அரைமுக ரப்பர் மாஸ்க்

தினமும் பல மணி நேரம் உள்ளே இருப்பவருக்கு இதைத்தான் முதலில் சொல்லுவேன். காகிதத்தில் இதன் பாதுகாப்பு மடங்கும் என்95-இன் மடங்கும் ஒன்றுதான். நடைமுறையில் அப்படி இல்லை. ரப்பர் அல்லது சிலிக்கான் விளிம்பு முகத்தோடு ஒட்டுகிறது, அளவுகள் உண்டு, ஒட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே சோதிக்கலாம். 99.97 சதவீதம் பிடிக்கும் பி100 வடிகட்டியைப் பொருத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மோனியாவுக்கான கார்ட்ரிட்ஜையும் (வாயுவைப் பிடிக்கும் டப்பா) சேர்த்து மாட்டலாம்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெயின்டர்கள் போடும் கறுப்புப் பட்டைக் கார்ட்ரிட்ஜ் கரைப்பான் ஆவிக்கானது. அம்மோனியாவை அது பிடிக்காது. அம்மோனியாவுக்கு அமெரிக்க முறையிலும் ஐரோப்பிய முறையிலும் நிறம் பச்சை. ஐரோப்பிய எழுத்து ‘கே’. தூசும் சேர்ந்தே இருப்பதால், பச்சையோடு துகள் வடிகட்டியும் இணைந்ததாக வாங்க வேண்டும். பச்சைக் கார்ட்ரிட்ஜ் மட்டும் போட்டால் தூசு நேரே உள்ளே வரும்.

போட்டதும் இரண்டு சோதனை. வடிகட்டிகளை உள்ளங்கையால் மூடி மெல்ல மூச்சிழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒடுங்கி அப்படியே நிற்க வேண்டும். பிறகு மூச்சு வெளியேறும் வால்வை மூடி மெல்ல ஊதுங்கள். ஓரத்தில் எங்கும் கசியாமல் லேசாக உப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகாது. மாஸ்க்கை முதலில் தேர்ந்தெடுக்கும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும், இனிப்பு அல்லது கசப்புக் கரைசலைத் தலைமூடிக்குள் தெளித்துச் சுவை தெரிகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். சவரம் செய்யாத ஓரிரு நாள் முடிகூட விளிம்பைத் தூக்கிவிடும்.

கெடுவது எங்கே என்றால், முன்னால் இருக்கும் மூச்சு வெளியேறும் வால்வில். மூடியைக் கழற்றினால் நகத்தின் தடிப்பே உள்ள மெல்லிய ரப்பர் வட்டம் தெரியும். அதன் அடியில் ஓர் இறகு நூல் சிக்கிக்கொண்டாலே போதும், வட்டம் முழுதாக உட்காராது. ஒவ்வொரு மூச்சிழுப்பிலும் வடிகட்டாத காற்று அந்த இடுக்கு வழியே வரும். மேலே சொன்ன சோதனையில் ஒடுங்கிய மாஸ்க் மெல்ல மெல்லத் தளர்ந்தால் முதலில் இந்த வால்வைத் திறந்து பாருங்கள். சுருண்டிருந்தாலோ விறைத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். உதிரிப் பாகமாகவே கிடைக்கும், இரண்டு கையிருப்பில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, முகப்பகுதியை வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கொதிநீரும் வெயிலும் ரப்பரின் வடிவத்தைக் கெடுக்கும். வடிகட்டியை நனைக்கக் கூடாது. வாயுக் கார்ட்ரிட்ஜைத் திறந்தபடி கொட்டகைச் சுவரில் மாட்டினால் இரவெல்லாம் அம்மோனியாவை உறிஞ்சிக் காலையில் தீர்ந்திருக்கும். காற்றுப் புகாத பையில் வையுங்கள். உறை திறந்த தேதியைக் கார்ட்ரிட்ஜ் மேல் எழுதி, தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றிவிட வேண்டும். மாஸ்க்குக்குள் அம்மோனியா வாடை தெரிந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். தூசு வடிகட்டிக்கு அடையாளம் வேறு: மூச்சிழுக்கக் கனமாகும்.

மறைவான செலவு என்பது பணத்தைவிட ஒழுங்கு. கழுவ ஓர் இடம், உலர்த்த ஒரு கொடி, வைக்க ஒரு மூடிய பெட்டி, ஆளுக்கொரு மாஸ்க். இவை இல்லாத பண்ணையில் இது அழுக்கேறி ஒரு மூலையில் கிடக்கும். பேச்சு தெளிவாகக் கேட்காது என்பதும் குறைதான். கண்ணை இது காக்காது. அம்மோனியா கண்ணைக் கரிக்கும் கொட்டகையில் முழுமுக வகைக்குப் போவது நல்லது.

## மோட்டார் வைத்த முகமூடி

பிஏபிஆர் என்பார்கள். இடுப்பில் ஒரு மோட்டாரும் பேட்டரியும், அங்கிருந்து குழாய் வழியே வடிகட்டிய காற்று தலைமூடிக்குள் பாயும். தளர்வான வகையில் நிமிடத்துக்குக் குறைந்தது 170 லிட்டர் காற்று வர வேண்டும் என்பது நியோஷ் விதி.

தாடி வைத்தவர்களுக்கும், எந்த மாஸ்க்கும் முகத்தில் ஒட்டாதவர்களுக்கும், ஏற்கெனவே மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் இதற்கு ஈடில்லை. நெஞ்சு காற்றை இழுக்க வேண்டியதில்லை. கண்ணாடியும் போட்டுக்கொள்ளலாம், கண்ணும் காக்கப்படுகிறது, முகத்தில் காற்று படுவதால் புழுக்கமும் குறைவு.

ஆனால் கோழிக் கொட்டகை இதற்குக் கடினமான இடம். அதிகக் காற்றை இழுப்பதால் வடிகட்டி விரைவில் அடைக்கும். முன்வடிகட்டியை அடிக்கடி மாற்றாவிட்டால் காற்றோட்டம் விழும். பேட்டரி நடுவேலையில் தீர்ந்தால் தளர்வான மூடிக்குள் வெளிக்காற்று புகும். எனவே சார்ஜ் ஏற்றிய இரண்டாவது பேட்டரி கட்டாயம். ஒவ்வொரு நாளும் போடும் முன் கூடவே வரும் அளவியால் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும். துணி பெல்ட்டையும் மடிப்புக் குழாயையும் கிருமிநீக்கம் செய்வது பெரும்பாடு. வாங்கும்போதே துடைக்கக்கூடிய பெல்ட்டும் குழாய் உறையும் கேளுங்கள். குறுகிய கூண்டு வரிசையில் குழாய் மாட்டி இழுக்கும். முதல் விலையும் மூன்றில் இதற்கே அதிகம்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | என்95 | அரைமுக ரப்பர் | மோட்டார் தலைமூடி |
|---|---|---|---|
| பாதுகாப்பு மடங்கு | 10 | 10 | 25 |
| அம்மோனியா | தடுக்காது | பச்சைக் கார்ட்ரிட்ஜோடு தடுக்கும் | அதற்கான கார்ட்ரிட்ஜ் உள்ள மாடலில் மட்டும் |
| தாடி | ஆகாது | ஆகாது | ஆகும் |
| கண் | காக்காது | காக்காது | காக்கும் |
| மூச்சுச் சுமை | உண்டு | உண்டு | மிகக் குறைவு |
| கிருமிநீக்கம் | எறிந்துவிடலாம் | எளிது | கடினம் |
| மறைவான செலவு | எண்ணிக்கை | கழுவும் ஒழுங்கு, வால்வு | பேட்டரி, முன்வடிகட்டி |

ஆட்கள் அதிகமுள்ள பண்ணையில் எல்லோருக்கும் ஒரே வகை வாங்க வேண்டியதில்லை. நிரந்தரமாக உள்ளே இருப்பவர்களுக்கு ரப்பர், வந்துபோகிறவர்களுக்கு என்95, மூச்சுக் கோளாறு உள்ளவருக்கும் தாடி உள்ளவருக்கும் மோட்டார் என்று பிரித்தால் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

## இவற்றில் எதுவும் உதவாத இடங்கள்

கழிவுக் குழி. குழியைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு திடீரென்று கிளம்பும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அதைவிடப் பல மடங்கு ஏறினால் சில மூச்சில் ஆள் சுருண்டு விழுவார். அந்த அளவில் எந்த வடிகட்டியையும் நம்பி நிற்க முடியாது. உள்ளே ஆக்சிஜனே குறைவாகவும் இருக்கலாம், வடிகட்டியால் ஆக்சிஜனை உண்டாக்க முடியாது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவர்களும் அடுத்தடுத்து இறப்பதுதான் இந்த விபத்துகளின் கொடுமை. இறங்கவே வேண்டாம். முதுகில் காற்று உருளை சுமந்த, பயிற்சி பெற்ற மீட்பாளர்கள் மட்டுமே இறங்கலாம். குழியைக் கலக்கும் நேரத்தில் மேலே உள்ள கொட்டிலிலும் ஆள் இருக்கக் கூடாது.

பசுந்தீவனத்தைப் புளிக்கவைத்துச் சேமிக்கும் சைலேஜ் கோபுரமும் அப்படித்தான். நிரப்பிய முதல் மூன்று வாரம் நைட்ரஜன் டைஆக்சைடு தேங்கும். காற்றைவிடக் கனமானது, பழுப்பு மஞ்சள் நிறத்தில் தாழ நிற்கும்.

## மாஸ்க் போட்டும் இருமல் நிற்காவிட்டால்

விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் அதிகமாகி, அடுத்தடுத்த நாளில் குறைவதுபோலத் தெரிகிறதா? இரவில் இருமல் எழுப்புகிறதா? பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய ஊதல் கருவியை வாங்கி, நாளுக்கு நான்கு முறை, வேலை நாளும் விடுமுறையும் சேர்த்து இரண்டு வாரம் ஊதி எழுதிவையுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி அதிகமானதைக் குறிக்க வேண்டும். வேலை நாளில் இறங்கி விடுமுறையில் ஏறினால், அந்தத் தாளே மருத்துவருக்குப் பெரிய தடயம்.

அதோடு மருத்துவரிடம் என்ன வேலை, எந்தக் கால்நடை, பூஞ்சை பிடித்த வைக்கோலைக் கையாண்டீர்களா, காய்ச்சல் எத்தனை மணி நேரம் கழித்து வந்தது என்று நீங்களாகவே சொல்லுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஆடு, மாடு ஈன்ற இடத்தைச் சுத்தம் செய்த சில வாரங்களில் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கியூ காய்ச்சல் அப்படித்தான் பரவும். விவசாயி நுரையீரல் என்று உறுதியானால் மாஸ்க்கை மாற்றுவதால் மட்டும் தீராது. அந்த வைக்கோல் வேலையிலிருந்து ஆளை மாற்ற வேண்டும். திரும்பத் திரும்ப அதே தூசு போனால் நுரையீரலில் தழும்பு விழும், விழுந்த தழும்பு மறையாது.